சம்பளம் போடும் நேரம் பார்த்து போன் ஹேங் ஆகிறது, புதிது வாங்காமல் தப்பிக்க வழி உண்டா?

ஏலக்காட்டுக்கணக்கு:

எல்லோருக்கும் வணக்கம். ஊர் கம்பம். வேலை மேட்டுக்கு அந்தப் பக்கம், கேரளாவில் வண்டன்மேடு போகும் வழியில் ஒரு ஏலத்தோட்டத்தில் கணக்கு எழுதுகிறேன். விடிவதற்கு முன் ஜீப் ஏறினால் கம்பம்மெட்டு வழியாக மேலே போய் இருட்டும்போதுதான் இறங்குவேன், ஆகவே போனைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக அலைய எனக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் உண்டு, அன்றைக்குப் பாதிக் கடை பூட்டிக் கிடக்கும். அதனால் இங்கே கேட்கிறேன்.

போன் வாங்கி மூன்று வருடம் ஆகிறது. ஆண்ட்ராய்டு, 4 ஜிபி ரேம், 64 ஜிபி. முதல் இரண்டு வருடம் ஒரு குறையும் இல்லை. இந்த மழைக்காலத்திலிருந்து படாத பாடு படுத்துகிறது. வாட்ஸப்பைத் தொட்டால் வெள்ளையாக ஒரு பக்கம் வந்து அப்படியே நிற்கும், நான் ஒரு வாய் டீ குடித்து கிளாஸைக் கீழே வைத்த பிறகுதான் பெயர்கள் வரும். கேமரா திறந்தால் சில நேரம் படம் எடுக்கும், சில நேரம் மொத்தமும் நின்றுவிடும். நடுநடுவே எங்கிருந்தோ ஒரு விளம்பரம் திரை முழுக்க வந்து குதிக்கிறது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். எங்கள் தோட்டத்தில் சனிக்கிழமை வாரச் சம்பளம். பாதிப் பேருக்குக் கையில் பணம், 14 பேருக்கு யுபிஐ. போன சனிக்கிழமை ஆறாவது ஆளுக்குப் பணம் அனுப்ப ரகசிய பின் நம்பரை அடித்ததும் ஆப் தானாக மூடிக்கொண்டது. போனதா, போகவில்லையா? தெரியவில்லை. மறுபடி திறந்து மறுபடி அனுப்பினேன். சாயங்காலம் அந்த அக்கா ஜீப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏன் தம்பி, முதலாளி போனஸ் போட்டாரா?" என்று கேட்டபோதுதான் இரண்டு முறை போயிருக்கிறது என்று தெரிந்தது. நல்ல மனுஷி, அடுத்த வாரத்தில் கழித்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். எல்லோரும் அப்படி இருப்பார்களா?

நான் இதுவரை செய்தது: போனைச் சுத்தம் செய்யும் ஆப் ஒன்று போட்டேன், ராக்கெட் பறப்பது போலக் காட்டி "1.2 ஜிபி விடுவிக்கப்பட்டது" என்கிறது, ஐந்து நிமிடத்தில் பழைய கதைதான். செட்டிங்ஸில் விர்ச்சுவல் ரேம் என்று ஒன்று இருந்தது, அதை முழுதாக ஏற்றி வைத்தேன், இன்னும் மந்தமானது போலத் தெரிகிறது. ஊரில் ஒரு கடையில் 500 ரூபாய் கொடுத்தால் சாஃப்ட்வேர் போட்டுத் தருகிறேன் என்றார்கள், இன்னொரு கடையில் கையில் வாங்கிக்கூடப் பார்க்காமல் புதுசு எடுங்கள் என்றார்கள். என்ன செய்யலாம்?


வெட்டிஆபீசர்:

ரீசெட் அடிங்க பாஸ். பத்து நிமிட வேலை. புதுப் போன் மாதிரி ஆகிவிடும்.


செல்மெக்கானிக்_தேனி:

மேலே சொன்னவரை நம்பி ரீசெட் மட்டும் அடித்துவிடாதீர்கள் தம்பி, குறிப்பாக வெள்ளிக்கிழமை ராத்திரி. எங்கள் கடைக்கு வாரம் இரண்டு பேர் ரீசெட் அடித்துவிட்டு வருகிறார்கள். உள்ளே இருந்ததெல்லாம் அழிந்தாயிற்று, வாட்ஸப் பேக்கப் இல்லை, கூகுள் பாஸ்வேர்டு மறந்துபோச்சு, போன் பழைய அக்கவுண்டைக் கேட்டுக்கொண்டு பூட்டி நிற்கிறது. அந்தப் பூட்டு திருட்டுப் போனைத் தடுக்க வைத்தது, சொந்தக்காரனையும் சேர்த்துத்தான் தடுக்கும். ரீசெட் கடைசி மருந்து. அதிலும் என்ன நோய் என்று தெரியாமல் ரீசெட் அடித்தால், பழைய ஆப்களையெல்லாம் நீங்களே திரும்பப் போடுவீர்கள், நோயும் கூடவே வந்துவிடும்.

முதலில் ஒரு விஷயம் தெரிய வேண்டும். ஒரு ஆப் மட்டும் விழுகிறதா, எல்லாமே விழுகிறதா? ஒன்று மட்டும் என்றால் கோளாறு அந்த ஆப்பில். எல்லாம் என்றால் போனில். உங்கள் கதையைப் படித்தால் எல்லாமே மந்தம் என்று தெரிகிறது, ஆகவே நான் முதலில் பார்ப்பது ஸ்டோரேஜ். செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் போய், 64-இல் எவ்வளவு காலி என்று பார்த்துச் சொல்லுங்கள்.

ஏன் கேட்கிறேன் என்றால், போனுக்குள் இருக்கும் மெமரியில் எழுதிய இடத்தின் மேலேயே நேராகத் திரும்ப எழுத முடியாது. முதலில் ஒரு பகுதியை மொத்தமாகத் துடைக்க வேண்டும், அப்புறம்தான் எழுத முடியும். காலி இடம் நிறைய இருந்தால் இந்த வேலை சத்தமில்லாமல் பின்னால் நடக்கும். நிறைந்துவிட்டால், உங்கள் தோட்டத்து ஸ்டோரில் வாசல் வரை மூட்டை அடுக்கியிருக்கும்போது உள்ளே ஒரு மூட்டை வைக்க நாலு மூட்டையை வெளியே எடுத்துப் போட வேண்டுமே, அந்தக் கதைதான். வாட்ஸப் ஒரு சின்ன மெசேஜை எழுதக்கூட அந்த நாலு மூட்டை நகர வேண்டும். விலை குறைந்த போன்களில் பெரும்பாலும் ஈஎம்எம்சி என்ற பழைய வகை மெமரிதான் இருக்கும், நிறைந்தால் அது இன்னும் திணறும். பத்தில் ஒரு பங்காவது எப்போதும் காலியாக இருக்கட்டும், உங்களுக்கு ஆறேழு ஜிபி.

விர்ச்சுவல் ரேம் ஏன் உதவவில்லை என்பதும் இதிலேயே இருக்கிறது. அது ரேம் இல்லை, அதே நிறைந்த ஸ்டோரேஜில் ஒரு மூலையை ரேம் என்று பெயர் வைத்துப் பிடித்துக்கொள்கிறது. அணைத்துவிட்டுப் போனை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

சுத்தம் செய்யும் ஆப்பை இன்றைக்கே தூக்குங்கள். பின்னால் சும்மா கிடக்கும் ஆப்களை ரேமில் வைத்திருப்பது ஆண்ட்ராய்டின் வழக்கம், இடம் தேவைப்பட்டால் அதுவே விரட்டிவிடும். இந்த ராக்கெட் ஆப் எல்லாவற்றையும் அடித்து விரட்டும், விரட்டியவை மறுபடி முதலிலிருந்து எழுந்து வரும், அதற்கு பேட்டரியும் நேரமும் வேறு. நடுவில் அதன் விளம்பரம். கூலிக்கு ஆள் வைத்து வீட்டைக் கலைப்பது மாதிரி.


ஏலக்காட்டுக்கணக்கு:

அண்ணே, பார்த்தேன். காலி இடம் 1.7 ஜிபி. நான் பயந்தே போய்விட்டேன். ஆனால் போன மாதம்தான் கேலரியில் உட்கார்ந்து வீடியோவாக அழித்துத் தள்ளினேன், அந்த இடமெல்லாம் எங்கே போயிற்று?


பெரியாறு_டீச்சர்:

தம்பி, இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் போன வருடம் இதே இடத்தில் நானும் முட்டிக்கொண்டு நின்றேன். வண்டிப்பெரியாறு பக்கம் தமிழ் வழிப் பள்ளியில் வேலை. வகுப்புக்கு ஒரு குரூப், பெற்றோருக்கு ஒரு குரூப், ஆசிரியர்களுக்கு மலையாளத்தில் ஒன்று தமிழில் ஒன்று, சர்ச் குரூப், சொந்தக்காரர்கள் குரூப். காலையில் எழுந்தால் நாற்பது ரோஜாப்பூ.

கேலரியில் அழித்தால் அது நேரே குப்பைக்குப் போகாது, குப்பைத்தொட்டி என்று ஒரு அறைக்குப் போய் 30 நாள் உட்கார்ந்திருக்கும். கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆன படம் என்றால் 60 நாள். அது வரை இடத்தைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கும். அந்தத் தொட்டியைத் திறந்து காலி செய்யுங்கள், முதல் இடம் அங்கே கிடைக்கும்.

அடுத்தது வாட்ஸப்புக்கு உள்ளேயே ஒரு வழி. செட்டிங்ஸ், ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா, மேனேஜ் ஸ்டோரேஜ். அங்கே பலமுறை ஃபார்வேர்டு ஆனவை தனியாக, 5 எம்பிக்கு மேலானவை தனியாக இருக்கும், அதற்குக் கீழே எந்த குரூப் எவ்வளவு பிடித்திருக்கிறது என்று பெரியதிலிருந்து வரிசை. எனக்கு முதலிடம் சொந்தக்காரர்கள் குரூப்தான், 6 ஜிபி. ஒரு சித்தப்பா தினமும் கோயில் வீடியோ போடுவார். அவரை ஒன்றும் சொல்ல முடியாது, அழிக்க முடியும்.

யாரும் சொல்லித்தராத ஒன்று சொல்கிறேன். நீங்கள் அனுப்புகிற படத்துக்கும் வீடியோவுக்கும் வாட்ஸப் தன் பங்குக்கு ஒரு நகல் எடுத்து வைக்கிறது. ஃபைல் மேனேஜரில் ஆண்ட்ராய்டு, மீடியா, அதற்குள் வாட்ஸப் என்று தேடிப் போனால் மீடியா ஃபோல்டருக்குள் படங்கள், வீடியோ ஒவ்வொன்றிலும் "சென்ட்" என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். நான் குழந்தைகளின் ஆண்டுவிழா வீடியோவை மூன்று குரூப்புக்கு அனுப்பியிருந்தேன், அந்த ஃபோல்டரைத் திறந்து பார்த்தபோது எனக்கு மயக்கமே வந்தது. நீங்கள் தினமும் வருகைப் பதிவுக்குப் படம் எடுத்து அனுப்புவீர்கள்தானே, உங்களுக்கு அங்கே பெரிய புதையல் கிடக்கும். ஆனால் ஒன்று, அங்கே அழித்தால் அந்தப் பழைய அரட்டையில் போய்த் தொட்டாலும் படம் திறக்காது, வேண்டியதை முதலில் வேறிடத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு தானாக இறக்கிக்கொள்வதை நிறுத்துங்கள், மொபைல் டேட்டா, வைஃபை, ரோமிங் மூன்றிலும். நமக்கு எல்லையில் ரோமிங் வேறு வருகிறதல்லவா, அதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். இல்லாவிட்டால் இன்றைக்குக் காலி செய்த இடம் தீபாவளிக்குள் நிறைந்துவிடும்.


ஏலக்காட்டுக்கணக்கு:

டீச்சர், கையெடுத்துக் கும்பிடுகிறேன். சென்ட் ஃபோல்டரில் மட்டும் 4 ஜிபிக்கு மேல். பச்சைக்காய் எடை போடும் தராசுப் படம், ஜீப்பில் ஏறும் ஆட்கள் படம், இரண்டு வருடத்துப் படம் அப்படியே கிடக்கிறது. குப்பைத்தொட்டியில் 3 ஜிபி. எல்லாம் தூக்கினேன். சுத்தம் செய்யும் ஆப் போய்விட்டது, விர்ச்சுவல் ரேமும் அணைத்தாயிற்று. இப்போது காலி இடம் 11 ஜிபி சொச்சம்.

வாட்ஸப் உடனே திறக்கிறது. ஆனால் விளம்பரம் இன்னும் வருகிறது, யுபிஐ ஆப் நேற்றும் ஒருமுறை விழுந்தது. அந்த ஆப்பின் டேட்டாவை கிளியர் செய்யவா?


செல்மெக்கானிக்_தேனி:

நில்லுங்கள். கேச் வேறு, டேட்டா வேறு. ஆப் பட்டியலில் அந்த ஆப்பைத் தொட்டு ஸ்டோரேஜ் போனால் இரண்டு பட்டன் இருக்கும். கிளியர் கேச் என்பது அடுப்படித் துடைப்பு, ஒன்றும் தொலையாது, எப்போது வேண்டுமானாலும் செய்யலாம். கிளியர் டேட்டா என்பது ஆப்பை இன்றைக்குத்தான் போட்ட மாதிரி ஆக்கிவிடும். யுபிஐயில் அப்படிச் செய்தால் திரும்பப் பதிவு செய்ய வேண்டும், அதற்கு வங்கியில் கொடுத்த நம்பரின் சிம் அதே போனில் இருக்க வேண்டும், அந்தப் போனிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் வெளியே போக வேண்டும். மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒற்றைக் கோடு சிக்னலில் உட்கார்ந்துகொண்டு இதைச் செய்தால் எஸ்எம்எஸ் போகாது, பதிவும் ஆகாது, 14 பேர் வரிசையில் நிற்பார்கள். செய்வதாக இருந்தால் கம்பத்தில் வீட்டில், ஞாயிறன்று.

கேச் துடைத்தும் விழுந்தால் பிளே ஸ்டோரில் அந்த ஆப்புக்கு அப்டேட் இருக்கிறதா பாருங்கள், கூடவே ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூ என்று ஒன்று இருக்கும், அதையும் குரோமையும் அப்டேட் செய்யுங்கள். பல ஆப்கள் தங்களுக்குள் இணையப் பக்கத்தைக் காட்ட இந்த வெப்வியூவைத்தான் கடன் வாங்குகின்றன. 2021 மார்ச்சில் அதற்கு வந்த ஒரு அப்டேட்டில் கோளாறாகி, உலகம் முழுக்க ஜிமெயில் உட்பட ஏகப்பட்ட ஆப்கள் திறந்த கையோடு மூடிக்கொண்டன, கூகுள் சரிசெய்த பதிப்பை விட்ட பிறகுதான் அடங்கியது. அன்றைக்கு எங்கள் கடையில் திருவிழாக் கூட்டம். பாதிப் பேர் அதற்குள் ரீசெட் அடித்துவிட்டு வந்திருந்தார்கள்.

பணம் இரண்டு முறை போனதற்கும் சொல்லிவிடுகிறேன். ஆப் விழுந்தால் மறுபடி அனுப்பாதீர்கள். முதலில் ஹிஸ்டரியைப் பாருங்கள், அல்லது வங்கி எஸ்எம்எஸ்ஸைப் பாருங்கள், பெண்டிங் என்று காட்டினால் அந்த ஆளை ஓரமாக உட்கார வைத்துவிட்டு அடுத்த ஆளுக்குப் போங்கள். உங்கள் கணக்கில் கழிந்து அவர் கணக்கில் ஏறாமல் நின்றால் அடுத்த நாளுக்குள் தானாகத் திரும்பி வர வேண்டும், தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் வங்கி தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019-லேயே விதி போட்டிருக்கிறது.

விளம்பரத்துக்கு ஒரு வேலை செய்யுங்கள். அடுத்த முறை திரை முழுக்க விளம்பரம் குதித்ததும் அதை மூடாதீர்கள், அப்படியே சமீபத்திய ஆப்களைக் காட்டும் பட்டனை அழுத்துங்கள். எந்த ஆப்பின் பெயரில் அந்த விளம்பரம் நிற்கிறது என்று அங்கே தெரியும். அதோடு செட்டிங்ஸில் "டிஸ்ப்ளே ஓவர் அதர் ஆப்ஸ்" என்று தேடி, யார் யாருக்கு அனுமதி இருக்கிறது என்று எழுதுங்கள்.


குமுளி_ஜீப்:

சிக்னல் பற்றி யாரும் பேசவில்லையே. நான் தினமும் குமுளி ரூட் ஓட்டுகிறேன். மலையேறும்போது போன் கொஞ்ச நேரம் தமிழ்நாட்டு டவரைப் பிடிக்கும், ஒரு வளைவு தாண்டினால் கேரளா டவர், அடுத்த வளைவில் மறுபடி இந்தப் பக்கம். "கேரளத்துக்கு வரவேற்கிறோம்" என்று ஒரே நாளில் ஒன்பது மெசேஜ் வாங்கியிருக்கிறேன். இப்படி டவர் தேடித் தேடிப் போன் சூடாகிவிடும், பேட்டரி இறங்கும். தோட்டத்துக்குள் ஓடைப் பக்கம் இறங்கிவிட்டால் சிக்னலே இல்லாமல் இன்னும் கத்திக்கொண்டே இருக்கும்.

நான் செய்வது: சிக்னல் இல்லாத இடத்தில் ஏரோபிளேன் மோட். தோட்டத்தில் ஒரே இடத்தில் உட்கார்ந்து வேலை என்றால் நெட்வொர்க்கைத் தானாகத் தேட விடாமல், கையால் ஒன்றைத் தேர்ந்தெடுத்து வைத்துவிடுவேன். இறங்கும்போது மறக்காமல் ஆட்டோமேட்டிக்கில் போட வேண்டும், ஒருமுறை மறந்து, வீட்டில் என்னைக் காணோம் என்று தேடிவிட்டார்கள்.

இன்னொன்று. யுபிஐ சுற்றிக்கொண்டே இருப்பது எல்லாம் ஹேங் இல்லை. மேலே விரலால் இழுத்தால் நோட்டிபிகேஷன் திரை சரசரவென்று வருகிறதா? வந்தால் போன் நன்றாக இருக்கிறது, நெட்தான் இல்லை. அதுவும் வராமல் மரமாக நின்றால்தான் ஹேங்.


ஏலக்காட்டுக்கணக்கு:

குமுளி அண்ணே, அந்த ஒன்பது மெசேஜ் எனக்கும் வரும், நான் அதை ஒரு நோயாகவே நினைக்கவில்லை. சரி, மெக்கானிக் அண்ணன் கேட்ட பட்டியல்: வாட்ஸப், யார் அழைக்கிறார்கள் என்று காட்டும் ஆப் ஒன்று, அப்புறம் பெயரே இல்லாமல் தங்கக் காசு படம் மட்டும் போட்ட ஒன்று. நேற்று விளம்பரம் வந்தபோது பட்டனை அழுத்திப் பார்த்தேன், அந்தத் தங்கக் காசுதான். அது என்னவென்று சத்தியமாக எனக்கு நினைவில்லை. ஹோம் ஸ்கிரீனில் அப்படி ஒரு படமே இல்லை.


செல்மெக்கானிக்_தேனி:

நினைவுபடுத்துகிறேன். லாட்டரி ரிசல்ட் பார்க்கவா?


ஏலக்காட்டுக்கணக்கு:

அண்ணே.

ஆமாம். ஜூன் மாதம் எங்கள் ஜீப் டிரைவர் குரூப்பில் அனுப்பினார். பிளே ஸ்டோரில் இல்லை, இதைத் தொட்டு இன்ஸ்டால் பண்ணு, கேரளா ரிசல்ட் உடனே வரும் என்றார். மத்தியானத்துக்கு மேல் தோட்டத்தில் பாதிப் பேருக்கு அதே நினைப்புதான், என் போனில்தான் பார்ப்பார்கள். நான் டிக்கெட் வாங்குவதில்லை. எப்போதாவது ஒன்று.


செல்மெக்கானிக்_தேனி:

நீங்கள் வாங்கினீர்களா என்று நான் கேட்கவே இல்லையே தம்பி. :)

நம் பக்கத்துக் கடைகளுக்கு வரும் போன்களில் இது சகஜம். தமிழ்நாட்டில் 2003-இல் லாட்டரியைத் தடை செய்தார்கள், கேரளத்திலோ 1967-லிருந்து அரசே நடத்துகிறது, ஆகவே மேட்டைத் தாண்டினால் டிக்கெட், இறங்கினால் ரிசல்ட் பார்க்க ஆப். ஆனால் கேரள லாட்டரிக்கு ஆன்லைன் விற்பனையே கிடையாது, காகித டிக்கெட் மட்டும்தான். அதனால் "இங்கேயே டிக்கெட் வாங்கலாம்" என்று சொல்லும் எந்த ஆப்பும் பொய். உங்களுடையது அந்த வகையா, வெறும் விளம்பர வகையா என்று இங்கிருந்து சொல்ல முடியாது, இரண்டு வகைக்கும் வைத்தியம் ஒன்றுதான்.

போனை சேஃப் மோடில் எழுப்புங்கள். பவர் பட்டனை அழுத்தினால் பவர் ஆஃப் என்று திரையில் வருமல்லவா, பெரும்பாலான போன்களில் அதை விரலெடுக்காமல் அழுத்திப் பிடித்தால் சேஃப் மோட் வேண்டுமா என்று கேட்கும். அதில் நீங்களாகப் போட்ட ஆப் எதுவும் ஓடாது, போன் கம்பெனியிலிருந்து வந்த மாதிரி மட்டும் ஓடும். அங்கேயும் போன் மந்தமாக இருந்தால் கோளாறு வேறு, விறுவிறுவென்று ஓடினால் குற்றவாளி நீங்கள் போட்ட ஆப்களில்தான் இருக்கிறது. அப்படியே செட்டிங்ஸில் ஆப் பட்டியலுக்குப் போய்த் தங்கக் காசைத் தேடி அன்இன்ஸ்டால் கொடுங்கள். ஹோம் ஸ்கிரீனில் தன் படத்தை ஒளித்துக்கொள்ளும் ஆப்கூட இந்தப் பட்டியலில் ஒளிய முடியாது. அன்இன்ஸ்டால் பட்டன் மங்கலாக இருந்தால் டிவைஸ் அட்மின் என்ற, போனையே நிர்வகிக்கும் அனுமதியை வாங்கி வைத்திருக்கிறது என்று அர்த்தம், அதை முதலில் பறியுங்கள், அப்புறம் அன்இன்ஸ்டால். முடிந்ததும் ரீஸ்டார்ட் செய்தால் பழைய நிலைக்கு வந்துவிடும். வந்த பிறகு பிளே ஸ்டோரில் கெட்ட ஆப்களைத் தேடும் பிளே புரொடெக்ட் ஸ்கேன் ஒன்று ஓட்டுங்கள்.

அழிப்பதற்கு முன் அந்த ஆப்புக்கு என்னென்ன அனுமதி இருந்தது என்று பார்த்து எழுதி வையுங்கள். எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதியோ, திரையில் இருப்பதைப் படிக்கும் அக்செசிபிலிட்டி அனுமதியோ இருந்தால் விஷயம் விளம்பரத்தோடு நிற்காது, உங்கள் ஓடிபியை அது படித்திருக்கலாம். யுபிஐ பின்னை மாற்றுங்கள், கணக்கு அறிக்கையை ஜூன் முதல் ஒருமுறை பாருங்கள், தெரியாத கழிவு ஏதாவது இருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அடியுங்கள்.


பெரியாறு_டீச்சர்:

தம்பி, முதலாளி பணமும் அந்தப் போனில்தானே? பின்னை இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.


மழைநாள்_போடி:

நான் ஏலக்காய் வியாபாரம், தோட்டங்களுக்கு அடிக்கடி போவேன், அதனால் ஒரு கேள்வி. நீங்கள் கணக்கு எழுத எங்கே உட்காருகிறீர்கள்? ஸ்டோரிலா?


ஏலக்காட்டுக்கணக்கு:

ஆமாம், ஸ்டோரில்தான். காய் வாட்டும் ரூமுக்கு வெளியே மேஜை. மழைக்கு அங்கேதான் இதமாக இருக்கும். பிளக்கும் அங்கே ஒன்றுதான், சுவர் அலமாரியில் போனைச் சார்ஜில் போட்டுவிட்டு எழுதுவேன்.


மழைநாள்_போடி:

நினைத்தேன். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் 45, 50 டிகிரியில் காய் வாடுகிறது, ஒரு நாள் முழுக்க விடாமல். அலமாரியில் கையை வைத்துப் பாருங்கள், கல்லே சூடாக இருக்கும். போனை 35 டிகிரி வரையுள்ள இடத்தில் பயன்படுத்துங்கள் என்று ஐபோனுக்கே சொல்கிறார்கள், மற்றவையும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். சூடு ஏறினால் போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பிராசசரின் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சார்ஜ் ஏறுவதே ஒரு சூடு, அதன்மேல் சுவர்ச் சூடு, அதன்மேல் சிக்னல் தேடும் சூடு. கேமரா திறந்ததும் நிற்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம் என்று நினைக்கிறேன். மழைக்காலத்திலிருந்து ஆரம்பித்தது என்றீர்களே, மழைக்குத்தானே நீங்கள் உள்ளே போய் உட்கார்ந்தீர்கள்?


செல்மெக்கானிக்_தேனி:

அடடா, இது எனக்குத் தோன்றவில்லை. சரியான கேள்வி.

அப்படியென்றால் பேட்டரியையும் பார்த்துவிடுங்கள். மூன்று வருடப் பேட்டரி, அதில் ஒரு மழைக்காலம் முழுக்க அடுப்பு மேல். 30 சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே கேமரா திறந்தால் பொட்டென்று அணைகிறதா? அது பேட்டரியால் ஒரே நேரத்தில் அவ்வளவு மின்சாரம் கொடுக்க முடியவில்லை என்பதன் அடையாளம். இப்படித் திடீரென்று அணையாமல் இருக்கத்தான் பேட்டரி பழசான ஐபோன்களின் வேகத்தைக் குறைத்தோம் என்று ஆப்பிள் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது, பெரிய சண்டையானது நினைவிருக்கலாம். பேட்டரி மாற்றினால் அந்தப் போன்கள் பழைய வேகத்துக்கு வந்தன.

போனை மேஜைமேல் திரை மேலே இருக்கும்படி வைத்து ஒரு மூலையை அழுத்துங்கள். ஆடினால், அல்லது பின்மூடி ஓரத்தில் நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி தெரிந்தால், பேட்டரி உப்பியிருக்கிறது. அப்போது சார்ஜ் போடவே கூடாது, அழுத்தி மூடவும் கூடாது, அணைத்து எடுத்துக்கொண்டு கடைக்கு வாருங்கள். பின்கவர் மாட்டியிருந்தால் கழற்றிவிட்டுப் பாருங்கள், கவருக்குள் தெரியாது.


வெட்டிஆபீசர்:

இவ்வளவு இருக்கா. நான் ரீசெட் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். என் போனிலும் ராக்கெட் ஆப் இருக்கிறது, தூக்கிவிட்டு வருகிறேன்.


ஏலக்காட்டுக்கணக்கு:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும், சீசன் வேலை.

தங்கக் காசு போய்விட்டது. டிவைஸ் அட்மின் வாங்கி வைத்திருந்தது, மெக்கானிக் அண்ணன் சொன்ன மாதிரியே பட்டன் மங்கலாக இருந்தது, பறித்த பிறகுதான் அழிந்தது. எஸ்எம்எஸ் அனுமதி இல்லை, நோட்டிபிகேஷனும் மற்ற ஆப் மேல் காட்டுவதும்தான். இருந்தாலும் பின் மாற்றிவிட்டேன், முதலாளியிடமும் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன், தன் போனையும் எடுத்து நீட்டி இதிலும் பார் என்றார். அதிலும் இருந்தது, ஆனால் வேறு காசு, வெள்ளி.

மூடி ஓரத்தில் இடைவெளி இல்லை, ஆடவும் இல்லை. ஆனால் 25 சதவீதத்தில் ஒருமுறை அணைந்தது, ஆகவே பேட்டரி மாற்ற வேண்டியிருக்கும், காய் எடுப்பு முடிந்ததும் தேனிக்கு வருகிறேன் அண்ணே.

அலமாரியில் கை வைத்துப் பார்த்தேன். போடிக்காரர் சொன்னது சரி, ஐந்து எண்ணுவதற்குள் கையை எடுத்துவிட்டேன். இப்போது ஜன்னல் பக்கம் ஒரு ஆணி அடித்துத் துணிப்பையில் போனைத் தொங்கவிட்டிருக்கிறேன், சார்ஜ் வீட்டிலிருந்தே ஏற்றிக்கொண்டு வருகிறேன். கேமரா ஒருமுறைகூட நிற்கவில்லை.

இரண்டு சனிக்கிழமை ஆயிற்று. முதல் வாரம் 14 பேருக்கும் ஒரே மூச்சில் போட்டு முடித்தேன். இரண்டாம் வாரம் ஒன்பதாவது ஆளுக்குச் சுற்றிக்கொண்டே நின்றது. மேலே இழுத்துப் பார்த்தேன், நோட்டிபிகேஷன் திரை சரசரவென்று வந்தது, சிக்னல்தான் இல்லை. மறுபடி அனுப்பாமல் அவரை உட்கார வைத்துவிட்டு அடுத்த ஆளுக்குப் போனேன். பத்து நிமிடத்தில் அவர் போனில் டிங் என்றது.

டிரைவர் இப்போது என்னிடம் போன் கேட்பதில்லை, கம்பம்மெட்டில் டீக்கடையில் பேப்பர் பார்க்கிறார்.